ஜேர்மன் பெரியப்பாவும் எட்டாவது அட்டையும்

சென்ற மாதம், நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த திருமண மண்டபத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அபிரா. நான் இருந்த வரவேற்பு மேசையில் இப்போது இருப்பவர். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். மண்டபத்துக்குப் புதிய கணினிச் செயலி வந்திருக்கிறதாம். விருந்தினரின் பெயரை இட்டால் எவரை எந்த மேசையில் அமர்த்துவது என்று அதுவே சொல்லிவிடுமாம். அதற்காகப் பழைய இழுப்பறைகளை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி அகப்பட்டதாம்.

“அன்ரி, இதுக்குள்ள எட்டு கார்ட் இருக்கு. ஏழிலயும் கன்ட்ரி நேம் இருக்கு. எட்டாவது ஃபுல்லா மஞ்சள் கறை, வாசிக்கவே ஏலாது. வட் இஸ் திஸ்? ஏதும் சீக்ரட் ரெசிப்பியா?”

விளக்கம் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே சிரிப்பு முட்டி, பேச்சு இருமலாகிவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். எழுதும்போதாவது சிரிப்பை அடக்கலாம் என்று நம்பினேன். பார்ப்போம்.

நான் தொழில் பயின்ற கதை சுருக்கமானது. மட்டக்களப்பில் பண்டிதர் ஒருவரிடம் இலக்கணம் படித்தேன். ரொறன்ரோவுக்கு வந்து, தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். பின்னர், ஸ்காபரோவில் உள்ள திருமண மண்டபம் ஒன்றுக்கு வரவேற்பு மேற்பார்வையாளர் தேவை என்று கேள்வியுற்று நேர்முகத்துக்குப் போனேன். இலக்கணமும் ஒட்டும் பயிற்சியும் அங்கே ஒருங்கே பயன்படும் என்று அப்போது நான் அறியேன்.

மேலாளர் குலசேகரம் அண்ணை யாழ்ப்பாணத்தவர். காதில் பென்சில் செருகியிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் மிகுந்தால் பென்சில் வலக் காதிலிருந்து இடக் காதுக்கு மாறும். அதைக் கண்டால் பரிமாறுவோர் அனைவரும் நேராக நிற்பர். என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்.

“மட்டக்களப்போ? உங்கடை ஊருக்கு வாற ஆக்களைப் பாயோடை ஒட்டவைச்சிடுவியள் எண்டு எங்கடை பக்கம் ஒரு கதை. உண்மையோ, பிள்ளை?”

வந்தவரை மந்திரம் வைத்து ஊர் திரும்பவிடாமல் செய்துவிடுவோம் என்று பிறந்த நாள்முதல் கேட்டுப் புளித்த கதை அது. “அண்ணை, நீங்க கதிரையோட ஒட்டவைக்கத்தானே ஆள் தேடுறீங்க?” என்றேன்.

பென்சில் அசையவில்லை. “நாளைக்கு வாரும்” என்றார்.

மண்டபத் தொழிலின் இடர் என்ன என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டேன். நம்மவர் உலகெங்கும் சிதறியவர். இங்கே டோர்செட் பார்க்கில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால், ஐரோப்பாவில் ஏழு நாடுகளிலிருந்து உறவினர் வந்து இறங்குவர். எல்லாரும் தமிழரே, எல்லாரும் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுவோரே. எனினும் முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் தண்ணீரைக் குடித்தவர் அந்நாட்டின் குணத்தையும் குடித்தே இருப்பார் என்பது குலசேகரம் அண்ணையின் கொள்கை. “ஆள் ஆர் எண்டு கேக்காதையும். எந்த நாடு எண்டு கேளும். மிச்சம் எனக்குத் தெரியும்” என்பார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். அவர் ஐரோப்பாவில் இருந்திருக்கிறார். கனடாவுக்கு வரும் வழியில், ஃபிராங்பேர்ட் விமான நிலையத்தில், ஆறு மணி நேரம்.

அவர் சொல்லச்சொல்ல ஏழு அட்டைகளை எழுதியவள் நான். அவருடைய பேச்சை நூற்பா வடிவுக்கு மாற்றிய குற்றமும் என்னுடையதே.

‘ஜேர்மனி: குறித்த நேரத்துக்கு வருவர். வந்ததும் நிகழ்ச்சி நிரல் கேட்பர். இல்லையெனற்க, எழுதிக் கொடுக்க.’

‘சுவிற்சர்லாந்து: மேசை விரிப்பைத் தூக்கி அடிப்புறம் பார்ப்பர். அடிப்புறமும் வெளுக்க. முத்தம் மூன்று.’

‘பிரான்சு: உணவைக் குறை கூறிக்கொண்டே மும்முறை உண்பர். முத்தம் இரண்டு.’

‘இலண்டன்: வரிசையில் நிற்பர். பிறர் நில்லாமை கண்டு வருந்துவர். தேநீரால் தேற்றுக.’ இலண்டன் நாடன்று, நகரம் என்று நான் திருத்த முயன்றேன். “அதை அங்கையிருந்து வாறவைக்குச் சொல்லும் பாப்பம்” என்றார் அண்ணை.

‘நோர்வே: இருவருக்கிடையில் ஒரு கதிரை வெற்றிடம் விட்டு அமர்வர். பகையன்று. பத்துப்பேர் மேசையில் ஐவர் எனக் கொள்க.’

‘டென்மார்க்: நோர்வேயோடு சேர்த்து எண்ணற்க. பகையுண்டு.’

‘இத்தாலி: கைகளும் பேசும்; குத்துவிளக்கை எட்ட வைக்க. வழிதோறும் நின்று கோப்பி அருந்துவர். ஒன்றரை மணி நேரம் பிந்துவர்.’

இவை பொய்யென்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நான் மேற்பார்த்த இரண்டாவது திருமணத்திலேயே சுவிஸ் மாமி ஒருவர் மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அங்கே, பக்கத்து யூனியன்வில்லில் இருந்து வந்த சம்பந்தியாருக்கு நேர்ந்ததையும் நான் கண்ணாரக் கண்டேன். அவர் கைகூப்புவதற்கு மட்டுமே பழகிய மனிதர். முதலில் பாரிஸ் அத்தை ஒருவர் வந்து கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் கொடுத்தார். சம்பந்தியார் விறைத்து நின்று பாடம் படித்துக்கொண்டார். அடுத்து வந்தவர் சுவிஸ் மாமி. இரண்டு முடிந்ததும் சம்பந்தியார் பாடத்தின்படி பின்வாங்கினார். மூன்றாவது முத்தம் காற்றில் நின்றது. பிழையை உணர்ந்து அவர் மரியாதையோடு முன்வர, மனம் நொந்த மாமியும் மறுபடி குனிய, இரண்டு மூக்குக்கண்ணாடிகளும் கொளுவிக்கொண்டன. பிரித்தெடுக்க நிழற்படக்காரர் உதவினார்; அதற்கு முன் மூன்று படங்களும் எடுத்துக்கொண்டார்.

இனி, அட்டைகளின் உண்மையான பயன். முகூர்த்த நேரம் எல்லா அழைப்பிதழிலும் ஒன்றே. அதில் கைவைக்கக் குலசேகரம் அண்ணைக்கும் துணிவில்லை. ஆனால் உறைக்குள் வைக்கும் சிறு தாளில் ‘வருகை நேரம்’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரிதான் எங்கள் தொழில். காலை பத்தேகாலுக்கு முகூர்த்தம் என்றால் ரொறன்ரோவினருக்கு ஏழரை என்று அச்சிடுவோம்; அவர்கள் பத்துக்கு வருவர். இத்தாலிக்கு எட்டு, அதன்மேல் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு. ஜேர்மனிக்கு மட்டும் ஒன்பதரை என்ற மெய்யான நேரம். அவர்களை அழைத்து நினைவூட்டுவதும் இல்லை. “ஜேர்மன்காரருக்கு ஃபோன் அடிக்கிறது அவையை அவமதிக்கிறது” என்பார் அண்ணை. எந்த உறைக்குள் எந்தத் தாள் என்று பார்த்து ஒட்டுவது என் வேலை. பதினைந்து ஆண்டுகளில் ஒரு தாளும் மாறியதில்லை.

சாம்பவியின் திருமணம் வரும்வரை.

சாம்பவி டோர்செட் பார்க்கில் வளர்ந்த பெண். பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளர். தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். ஆகவே மணமகளைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தந்தையின் தமையனும் அவர் மனைவியும் வருவதாக ஏற்பாடு. பெண்ணின் தாய் தங்கேஸ்வரி என்னிடம் தந்த பட்டியலில், அவர்கள் பெயருக்கு எதிரே ‘ஜேர்மன் பெரியப்பா, ஜேர்மன் பெரியம்மா’ என்று எழுதியிருந்தார். நான் ஒன்பதரைத் தாளை உறைக்குள் இட்டு ஒட்டினேன்.

அன்று காலை சமையலறையில் இடர். தலைமைச் சமையற்காரர் திரவியம் அண்ணையின் உதவியாளர் இருவர் வரவில்லை. ஓர் ஆள் அனுப்புவதாக யாரோ சொல்லியிருந்தார். முன்வாசல் இன்னும் திறவாத ஏழரை மணிக்கு, பின்வாசலில் கையில் பையுடன் ஒருவர் நின்றார். அவருடைய குளிரங்கியை வாங்கி வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டி, ஏப்ரன் ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, ஓர் இடர் தீர்ந்தது என்று நிறைகுடம் வைக்கப் போனேன்.

ஒன்பதுக்கு மணமகளோடு பெரியம்மா வந்து மணப்பெண் அறைக்குள் போனார். ஒன்பதரை ஆயிற்று. பெரியப்பாவைக் காணவில்லை. ஒன்பதே முக்கால். குலசேகரம் அண்ணை வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

“ஜேர்மன்காரன் பிந்தமாட்டான், பிள்ளை. எங்கடை மணிக்கூடு முந்தி ஓடுது” என்று தம் கைக்கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்தார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை மணவறையில் அமர்ந்துவிட்டார். குருக்கள் மந்திரத்துக்கிடையே எங்களை நோக்கி விரல்களை விரித்துக் காட்டினார். முகூர்த்தம் பத்தேகால் முதல் பத்தே ஐம்பது வரை. நான் மணப்பெண் அறைக்கு ஓடினேன். அண்ணை பின்னால் வந்தார்.

“உங்கட அத்தான், சாம்பவிட பெரியப்பா, ஜேர்மனியில இருந்து வந்து சேர்ந்திட்டார்தானே?” என்று தங்கேஸ்வரியிடம் கேட்டேன்.

“ஜேர்மனியோ? அவர் ஜேர்மனியை விட்டு முப்பது வருசமெல்லோ, அக்கா. முதல் போய் இறங்கினது அங்கை. ரண்டு வருசம் இருந்தவர். அதுக்குப் பிறகு இத்தாலிதான். பலேர்மோ.”

“அப்ப ஏன் ஜேர்மன் பெரியப்பா எண்டு எழுதினீங்க?”

“பெரியப்பாவின்ரை பேர் அதுதானே?”

பென்சில் வலக் காதிலிருந்து இடக் காதுக்கு மாறியது. பிறகு வலக் காதுக்கே திரும்பியது. பதினைந்து ஆண்டுகளில் அது திரும்பி நான் கண்டதில்லை.

“இத்தாலியோ?” என்றார் அண்ணை, மெல்ல. “நாங்கள் இத்தாலிக்காரனுக்கு ஒன்பதரை எண்டு அடிச்சிருக்கிறம். ஒன்றரையைக் கூட்டும். பதினொண்டு.”

“அவர் விடியவே வெளிக்கிட்டுட்டார்” என்றார் பெரியம்மா. “பிக்கரிங்கிலை நிக்கிறம். மருமோன் வேலைக்குப் போற வழியிலை இறக்கிவிடுறன் எண்டு கூட்டிக்கொண்டு போனவன். ஆம்பிளையளோடை முன்னுக்கு நிப்பார் எண்டெல்லோ நினைச்சன்.”

“பிக்கரிங்கிலையிருந்து இஞ்சை மட்டும் எத்தினை கோப்பிக்கடை?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

“பத்துப் பன்னிரண்டு இருக்கும்.”

“அப்ப முடிஞ்சுது.”

மாற்று வழியொன்றை உறவினர் சொன்னார்கள். நோர்வேச் சித்தப்பாவும் சித்தியும் மண்டபத்தில் இருந்தனர். வழக்கம்போல இருவருக்குமிடையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அவர்களைக் கொண்டு தாரை வார்க்கலாமே என்றார்கள். சாம்பவி தலையை நிமிர்த்தினாள்.

“ஆஸ்பத்திரியில அப்பா கடைசியாச் சொன்னது, ‘அண்ணை வந்து செய்வார்’ எண்டுதான். பெரியப்பா வராம நான் மணவறைக்கு வரமாட்டன், அன்ரி. நேரம் போனாப் போகட்டும்.”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மாற்று வழி சொன்ன உறவினர் ஒவ்வொருவராக அறையைவிட்டு நகர்ந்தனர்.

பெரியம்மாவிடம் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு விரைந்தேன். எண்ணை அழுத்தினேன். உடனே மண்டபத்தில் நாதசுவரம் முழங்கியது. மேடையில் இருந்த நாதசுவரக்காரர் திடுக்கிட்டுத் தம் கையில் இருந்த கருவியைப் பார்த்தார். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. தவில்காரர் மட்டும் கடமை தவறாமல் இரண்டு அடி போட்டார். ஒலி மேடையிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், நான் மாட்டிவைத்த குளிரங்கியின் பைக்குள்ளிருந்து வந்தது.

அப்போது என் வாயில் வந்தது இலக்கணத் தமிழ் அன்று. “என்னகா இது” என்று ஊர்ப்பேச்சில் அலறியபடி சமையலறைக்கு ஓடினேன். வாழ்நாளில் அன்றுபோல் நான் ஓடியதில்லை. சேலையில் ஓடியவர்க்கு அது விளங்கும்.

உள்ளே, ஏப்ரன் கட்டிய அந்த மனிதர் ஒரு மலையளவு கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவே நின்று, இரண்டு கைகளாலும் காற்றில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். “வினாகிரி ஒரு சொட்டு, சீனி ஒரு சிட்டிகை, திரவியம். நம்பிச் செய்யும்” என்றார். திரவியம் அண்ணை, மந்திரத்தில் கட்டுண்டவர்போலச் சீனி போட்டார்.

“ஐயா, நீங்க சாம்பவிட பெரியப்பாவா?”

“ஓம். ஏன்?”

“ஏனோ! முகூர்த்தம் தொடங்கிட்டுது!”

அவர் சுவரைக் காட்டினார். “ஒன்பது பதினேழுதானே? ஒன்பது இருவதுக்குக் கை கழுவுவம் எண்டு இருக்கிறன். உந்த மணிக்கூட்டைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

சமையலறை மணிக்கூடு குளிர்காலக் கணக்கில் ஓடுவது. வசந்தத்தில் ஊரெல்லாம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தாலும் அதைத் தள்ளமாட்டார்கள். ஆறு மாதம் பொறுத்தால் தானாகவே சரியாகிவிடும் என்பது திரவியம் அண்ணையின் சித்தாந்தம். அங்கே வேலை செய்வோர் அனைவரும் ஒன்றைக் கூட்டிக்கொள்வர். பலேர்மோவிலிருந்து வந்தவருக்கு அதை யார் சொல்வது?

“நீங்க ஆர் எண்டு காலையில எனக்குச் சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“எங்கை விட்டியள்? ‘கலியாணத்துக்கு வந்தனான்’ எண்டன். ‘எல்லாரும் அதுக்குத்தான் வாறது, சமையல் தெரியுமோ’ எண்டியள். முப்பது வருசம் அதுதான் என்ரை வேலை எண்டன். கத்தியைத் தந்திட்டியள். ஒருவேளை கனடாவிலை வாற ஆக்கள் எல்லாரும் ஒரு கை குடுக்கிற வழக்கமாக்கும் எண்டு நினைச்சன். கனடாக்காரர் நல்ல உதவி எண்டு அங்கை கதைக்கிறவை.”

அவர் பையில் இருந்தது பட்டு வேட்டியும் சால்வையும். அரிசி மூட்டைகளுக்கிடையே நான்கு நிமிடத்தில் உடுத்திக்கொண்டார். திரவியம் அண்ணை பின்னின்று சால்வை பிடிக்க, மண்டபத்துக்குள் அவர் ஓடிவந்த காட்சியை நான் எப்படி எழுதுவேன்? குத்துவிளக்கை நானே தூக்கி அப்பால் வைத்தேன்.

பத்தே முப்பத்தொன்றுக்குச் சாம்பவி மணவறைக்கு வந்தாள். பெரியப்பா அவளுடைய கையைத் தம் கையில் ஏந்த, பெரியம்மா செம்பிலிருந்து நீர் வார்த்தார். வாய் ஓயாத அந்தக் கைகள் இரண்டும் அப்போது சற்றும் அசையவில்லை. மணமகளின் கண்கள் நிறைந்து வழிந்தன. பெரியப்பாவின் விரல்களில் இருந்த வெங்காயம்தான் காரணம் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். குருக்களும் மூக்கை உறிஞ்சினார். ஆகவே அவள் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். தாலி ஏறியபோது நேரம் பத்தே நாற்பத்தாறு.

விருந்தில் அந்தக் கத்தரிக்காய்க் கறி இனிப்பும் புளிப்புமாக இருந்தது. சாம்பவியின் பாரிஸ் அத்தை அதைக் குறை கூறிக்கொண்டே நான்காம் முறை உண்டார்.

குலசேகரம் அண்ணை பெரியப்பாவின் பக்கத்தில் போய் அமர்ந்தார். அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது.

“ஐயா, உந்த நேரம் தவறாமை ஜேர்மனியிலை பழகினதோ?”

“ரண்டு வருசத்திலை என்னத்தைப் பழகிறது.”

“அப்ப இத்தாலியிலையோ?”

“சேச்சே. நான் என்ரை கலியாணத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனனான், மானிப்பாயிலை. சைக்கிள் காத்துப் போட்டுது. மனிசி முப்பத்தாறு வருசமாச் சொல்லிக் காட்டுறா. அண்டையிலையிருந்து ஒரு கலியாண வீட்டுக்கும் நான் பிந்திறதில்லை.”

“பிறகும் சொல்லுவன்” என்றார் பெரியம்மா, இலையிலிருந்து தலை நிமிராமல்.

அண்ணை என்னைப் பார்த்தார். “நீங்கள் பாயோடை ஒட்டவைக்கிறது பொய், பிள்ளை. சட்டியோடை ஒட்டவைக்கிறியள். போய் ஒரு வெள்ளை அட்டை எடுத்துக்கொண்டு வாரும்.”

ஏழு நாட்டவரையும் பற்றி எழுதிவைத்த எங்களை அன்று ஏமாற்றியது எந்த நாட்டின் குணமும் அன்று. தமிழ்த் திருமணத்துக்கு ஒருவர் முன்கூட்டியே வருவார் என்று நம்ப மறுத்த என் கண்களே. ஆகவே எட்டாவது அட்டைக்கு அண்ணை ஒன்றும் சொல்லித் தரவில்லை, நானே எழுதினேன். மை காயுமுன் அதை வாங்கி வாசித்துப் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அபிரா, நீ கண்ட மஞ்சள் கறை, கறி தோய்ந்த அவருடைய கட்டைவிரல் இழுபட்ட தடம். அதன் கீழே இருப்பது இது:

‘ரொறன்ரோ: குறித்த நேரத்துக்கு முன் வருவோர் இலர். வந்தாரேல் பெயர் கேட்க. கேட்குமுன் கத்தி நீட்டற்க.’